கோழிக்கு இரைப்பை அடைத்துக்கொண்டால்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொண்டை வெளுத்து, இறகை உப்பிக்கொண்டு ஒரு கோழி மூலையில் நின்றால் நம் ஊர்ப் பக்கம் உடனே நடப்பது இதுதான்: மெடிக்கலில் ஏதோ ஓர் ஆன்டிபயாடிக் கேப்சூல் வாங்கி, பிரித்துத் தண்ணீரில் கலக்கி, வாயைத் திறந்து ஊற்றிவிடுவார்கள். கழிச்சலோ சளியோ, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. இரைப்பைக் கோளாறில் இந்த வழக்கம் உதவாது, பல சமயம் கெடுக்கவும் செய்யும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மருந்துக்கு ஓடுவதற்கு முன்னால் அந்தக் கோழியைத் தூக்கி, கழுத்தடியைத் தடவிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். மொட்டை மாடியில் நாலு கோழி வைத்திருப்பவருக்கும் கொல்லையில் இருபது விட்டிருப்பவருக்கும் இது பொது.

இரைப்பை எங்கே இருக்கிறது

கோழிக்குப் பல் கிடையாது. கொத்தியதை அப்படியே விழுங்கும். விழுங்கியது நேராக வயிற்றுக்குள் போவதில்லை. உணவுக்குழாய் கழுத்தடியில் ஒரு பையாக விரிந்திருக்கிறது. தீனி முதலில் அங்கே தங்கி ஊறும். கோழியின் வலப்பக்கமாக, நெஞ்செலும்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் இந்தப் பைதான் இரைப்பை. தீனிப்பை என்றும் சொல்வார்கள். ஊறிய தீனி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, செரிமான நீர் சுரக்கும் பகுதியைத் தாண்டி, அரைவைப்பைக்குப் போகும். கறி சுத்தம் செய்யும்போது கெட்டியான சதைக்குள் மஞ்சள் தோலும் சிறு கற்களுமாக ஒன்று வருமே, அதுதான் அரைவைப்பை. பல் செய்ய வேண்டிய வேலையை அந்தக் கற்கள் செய்கின்றன.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே எங்கே தடை ஏற்பட்டாலும் மேலே இரைப்பையில்தான் தேங்கும். அதனால் இரைப்பை வீங்கியிருக்கிறது என்பதற்காக நோயும் அங்கேதான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது.

தடவிப் பார்க்கும் முறை

மாலையில் கோழி அடையும் நேரத்தில் இரைப்பை நிறைந்திருக்க வேண்டும். இரவெல்லாம் தீனி இறங்கி, விடியும்போது காலியாகியிருக்க வேண்டும். இதைத்தான் சோதிக்கப் போகிறோம்.

1. சந்தேகப்படும் கோழியை மாலையிலேயே தனியாகப் பிரித்து, பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியும் போதும். கீழே செய்தித்தாள் விரியுங்கள், எச்சத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ராத்திரிக்கு உள்ளே தீனி வைக்க வேண்டாம்.

2. சிறகு அடிக்காதபடி இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். தலை முன்னால் பார்த்து நிமிர்ந்தே இருக்கட்டும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

3. வலது கை விரல்களைக் கழுத்தடியில் வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். அழுத்த வேண்டாம். எவ்வளவு பெரிது, கெட்டியா இளக்கமா, உள்ளே தானியம் தானியமாகத் தட்டுப்படுகிறதா, கயிறு போல ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள்.

4. மறுநாள் விடிந்ததும், தீனி வைப்பதற்கு முன், அதே இடத்தைத் தடவுங்கள். கூடவே நன்றாக இருக்கும் இன்னொரு கோழியையும் தூக்கித் தடவிப் பாருங்கள். புதியவர்களுக்கு இந்த ஒப்பீடு பெரிய உதவி. நன்றாக இருக்கும் கோழிக்குத் தோல் தளர்ந்து, பை இருக்கும் இடமே தெரியாது.

பகலில் மட்டும் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள். அடையில் இருக்கும் கோழி நாளுக்கு ஒருமுறை இறங்கி வந்து அவசர அவசரமாகக் கொத்தும். அப்போது இரைப்பை ஒரு பக்கம் பிதுங்கி நிற்கும். சித்திரை வெயிலில் மூக்குமுட்டத் தண்ணீர் குடித்த கோழிக்கும் அப்படித்தான். இரண்டும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். காலையிலும் வடியாமல் இருப்பதுதான் கோளாறு.

விரலுக்குத் தெரியும் மூன்று வகை

முதலாவது அடைப்பு. இரைப்பை கெட்டியாக, உருண்டையாக இருக்கும். விரலை வைத்து லேசாக அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். நாறாது. கோழி தீனியருகே வரும், கொத்தும், ஆனால் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்த்துவிட்டு விலகிவிடும். எச்சம் குறைந்து, பச்சை நிற நீராகக் கொஞ்சமாகப் போகும். உள்ளே தீனி இறங்கவில்லை என்பதற்கு அந்தப் பச்சை ஓர் அடையாளம்.

இரண்டாவது புளிப்பு. தடவினால் தண்ணீர் அடைத்த பால் கவர் போலத் தளதளக்கும். அலகருகே முகர்ந்தால் புளித்த வாடை, சில சமயம் அழுகல் வாடை அடிக்கும். தலையைத் தாழ்த்தினால் வாயிலிருந்து நீர் ஒழுகலாம். இதில் பெரும்பாலும் வேலை செய்வது கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை. அது கொஞ்சமாக எப்போதும் இருப்பதுதான். தீனி தேங்கிப் புளித்தாலோ, நல்ல பாக்டீரியாக்கள் அழிந்தாலோ அது பெருகிவிடும். முதலில் சொன்ன கேப்சூலின் கதை இங்கேதான் வருகிறது. ஆன்டிபயாடிக் பூஞ்சையைக் கொல்லாது. அதற்குப் போட்டியாக இருக்கும் பாக்டீரியாவைக் கொன்று இடத்தைக் காலி செய்து கொடுக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது தொங்கல். பையின் தசை தளர்ந்து, நடக்கும்போது ஒரு பக்கமாக ஆடும் அளவுக்கு இரைப்பை தொங்கிப்போயிருக்கும். பெரும்பாலும் நாள்பட்ட அடைப்பின் விளைவு. சில கோழிகளுக்குப் பரம்பரையாகவும் வரும்.

இந்த மூன்றும் தனித்தனியாகவே வரும் என்று நினைக்க வேண்டாம். அடைத்தது புளிக்கும், புளித்தது திரும்பத் திரும்ப வந்தால் தொங்கும். கெட்டியான உருண்டையைச் சுற்றி நீர் கோத்திருப்பதும் உண்டு.

இரைப்பைக் கோளாறு மாதிரி தெரியும் வேறு சில

ஒன்றுக்கு மேற்பட்ட கோழி ஒரே சமயத்தில் சோர்ந்தால், வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தால், மூச்சுக்குத் திணறினால், கழுத்து முறுக்கிக்கொண்டால், அது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அதிலும் இரைப்பையில் நீர் கோத்து வாயில் ஒழுகும். அது வைரஸ், வந்தபின் குணமாக்கும் மருந்து இல்லை. உடனே பிரித்து வைத்து, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தடுப்பூசி ஒன்றுதான் வழி. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இதற்காக இரு வார முகாம் நடத்துவது வழக்கம். வீட்டுக் கோழிக்கும் இலவசமாகப் போடுவார்கள்.

வயல் ஓரத்து வீடுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. பூச்சிமருந்து கலந்து விதைநேர்த்தி செய்த விதையைக் கோழி பொறுக்கித் தின்றிருக்கும். இரைப்பை நிறைந்திருக்கும், வாயில் எச்சில் வழியும், உடல் நடுங்கும், கால் பின்னும். வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்க அங்கே நேரமில்லை. முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்ட கோழிக்கும், குடல் புழு மிகுந்த கோழிக்கும் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். அதனால் அடிவயிற்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள், கடைசியாக எப்போது குடற்புழு நீக்கம் செய்தீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அடைப்பு என்றால் செய்ய வேண்டியது

முதல் நாள் திடத் தீனி எதுவும் கிடையாது. தானியம், சோறு, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே அடைத்திருக்கும் பையில் மேலும் தள்ளினால் உருண்டைதான் பெரிதாகும். ஆனால் 24 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போடக் கூடாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தானாகக் குடித்தால் நல்லது.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் போதும். ஒரு தடவைக்கு அரை டீஸ்பூன், காலையும் மாலையும். இதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். நாம் அவசரத்தில் ஊற்றும் எண்ணெய் அதற்குள் போனால் நுரையீரலில் இறங்கும். அடைப்பில் பிழைக்க வேண்டிய கோழி அதனால் செத்துப்போகும். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. தேங்காய் எண்ணெயை ஒரு தட்டில் மெல்லிசாக ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உறைந்ததும் பட்டாணி அளவுக்குத் துண்டு போட்டு நீட்டினால் பல கோழிகள் தாமாகவே கொத்தி விழுங்கிவிடும். இல்லாவிட்டால் அலகைத் திறந்து நாக்கின் மேல் ஒரு துண்டு வைத்தால் போதும். நம் ஊர் வெக்கையில் கையிலேயே உருகும், அதனால் ஒவ்வொன்றாக எடுத்து வாருங்கள்.

தண்ணீரைத் தானாகக் குடிக்காத கோழிக்கு ஊசி கழற்றிய 5 மி.லி. சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வையுங்கள். அது நாக்கை அசைத்து விழுங்கட்டும். அப்புறம் அடுத்த சொட்டு. பீய்ச்ச வேண்டாம்.

எண்ணெய் கொடுத்துப் பத்து இருபது நிமிடம் கழித்துப் பிசைந்துவிடலாம். கோழியை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, உருண்டையின் ஓரத்திலிருந்து தொடங்கி, விரல் நுனிகளால் சின்னச் சின்னதாக உருட்டி இளக்குங்கள். நடுவில் குத்த வேண்டாம், மேல்நோக்கித் தள்ளவும் வேண்டாம். உருண்டையைச் சில்லுச் சில்லாகப் பிரித்துக் கொடுப்பதுதான் நம் வேலை. கீழே இறக்குவதைக் கோழியின் தசையே பார்த்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு நாலு தடவை. வலித்தால் கோழி திமிறும், கொக்கரிக்கும். அப்போது நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொடருங்கள். முதல் இரண்டு தடவை ஒன்றும் மாறாதது போலத்தான் இருக்கும். பெரும்பாலானவர்கள் அங்கேதான் பொறுமை இழந்து அழுத்திவிடுகிறார்கள்.

தலைகீழாகப் பிடித்து வாய் வழியாக வெளியே எடுக்கும் முறையைச் சிலர் சொல்லித் தருவார்கள், காணொளிகளும் உண்டு. செய்யாதீர்கள். வெளியே வரும் நீர் மூச்சுக்குழாய்க்குள் புகாமல் தடுக்க நம்மிடம் எந்த வழியும் இல்லை. குழாய் விட்டு எடுக்கத் தெரிந்த மருத்துவர் செய்யட்டும்.

நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் சின்ன வெங்காயம், மிளகு, பூண்டு உருண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேறு தொந்தரவுகளுக்கு அதைக் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். அடைத்த பையில் மேலும் ஓர் உருண்டையைத் திணிப்பதில் அர்த்தமில்லை. விளக்கெண்ணெயும் வேண்டாம். ஏற்கெனவே நீர் வற்றிக் கிடக்கும் கோழியை அது கழியவைத்து மேலும் உலர்த்திவிடும்.

ஒரு நாளில் உருண்டை கொஞ்சமாவது இளகியிருக்க வேண்டும். எச்சம் மறுபடி திரண்டு, மேலே வெள்ளைத் தொப்பியோடு விழ ஆரம்பித்தால் வழி திறந்துவிட்டது. இரண்டு நாள் முடிந்தும் அதே கெட்டி, அதே அளவு என்றால் உள்ளே இருப்பது புல்லோ நாரோ நூலோ பின்னிக்கொண்ட சுருளாக இருக்கலாம். பிசைவதால் அது வெளியே வராது.

புளிப்பு என்றால்

இங்கே பிசையக் கூடாது. தளதளக்கும் பையை அழுத்தினால் நீர் வாய்க்கு ஏறி மூச்சுக்குழாயில் போகும். எண்ணெயும் தேவையில்லை.

திடத் தீனியை 12 முதல் 24 மணி நேரம் நிறுத்துங்கள். சுத்தமான தண்ணீரை அடிக்கடி மாற்றி வையுங்கள். இனிப்பு எதுவும் வேண்டாம். சோர்ந்த கோழியைப் பார்த்ததும் குளுக்கோஸ் தண்ணீர், வெல்லத் தண்ணீர், பழம் என்று கொடுக்கத் தோன்றும். ஈஸ்டுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. சோறும், குறிப்பாகப் பழைய சோறும், இந்த நாட்களில் ஆகாது. தயிர் கொடுக்கச் சொல்வார்கள். குணமாகி வரும் சமயத்தில் அரை ஸ்பூன் கலந்தால் குற்றமில்லை, ஆனால் அது மருந்தாகாது. தண்ணீரில் வினிகர் கலப்பதும் அப்படித்தான். ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் பையில் அது எரியும்.

இதற்குப் பூஞ்சைக்கொல்லி மருந்து வேண்டும். நிஸ்டாட்டின் என்ற மருந்து வழக்கமாகப் பயன்படுவது. அது பூஞ்சையைத் தொட்டுத்தான் வேலை செய்யும் என்பதால் வாய் வழியாகக் கொடுக்கிறார்கள். கோழியின் எடைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கோழி தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றுவது பழைய பண்ணை முறை. அளவு கொஞ்சம் கூடினாலும் விஷம் என்பதால் வீட்டில் கண்ணளவாகச் செய்யும் காரியமல்ல.

வாய்க்குள்ளும் பாருங்கள். வெண்ணிறத் திட்டு இருந்தால் பூஞ்சை மேலே வரை ஏறியிருக்கலாம். கோழி அம்மையும் வாய்க்குள் திட்டு உண்டாக்கும், அதனால் சுரண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

புளிப்பு நீங்கியபின் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: முதலில் ஏன் தேங்கியது? நீர் வடிந்ததும் மறுபடி தடவிப் பாருங்கள். அடியில் சின்னதாக ஓர் உருண்டை சிக்கினால் அதுதான் காரணம். அதை விட்டுவிட்டுப் பூஞ்சைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அடுத்த மாதம் இதே கதைதான்.

தொங்கல்

இதற்கு முழுக் குணம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரே தடவையில் வயிறு நிறையத் தின்ன விடாமல், நனைத்த தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்தால் பல கோழிகள் சமாளித்துக்கொள்ளும். காலையில் பை காலியாக இருக்கும்போது மெல்லிய துணியால் அதைத் தாங்கிப் பிடிக்கும்படி கட்டிவிடுவோர் உண்டு. தாங்க வேண்டும், இறுக்கக் கூடாது. சிறகுக்கு அடியில் உராய்கிறதா என்று தினமும் பாருங்கள். இந்தக் கோழியின் முட்டையை அடைவைக்காமல் இருப்பது நல்லது.

மருத்துவரிடம் எப்போது

இரண்டு நாளில் இளகாத அடைப்பு, மூச்சில் கரகரப்பு, எச்சமே விழாதது, நிற்க முடியாத அளவு சோர்வு, விஷம் தின்ற சந்தேகம், இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். பக்கத்து அரசு கால்நடை மருந்தகம் முதல் இடம். சென்னையில் வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சை வரை போகும் என்றால் அங்கே போவது நல்லது. 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவை உண்டு என்றாலும், ஒற்றைக் கோழிக்கு அதை எதிர்பார்ப்பதைவிட ஒரு கூடையில் வைத்து நாமே தூக்கிக்கொண்டு போவதுதான் நடக்கிற காரியம்.

போகும்போது சொல்ல வேண்டியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாளாக, காலையில் பை எப்படி இருந்தது, என்ன தீனி, என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள், கடைசி முட்டை எப்போது. "சாப்பிட மாட்டேங்குது சார்" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. கொடுக்கும் மருந்துக்கு எத்தனை நாள் முட்டையையும் கறியையும் தவிர்க்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கோழி தேறாது என்று அறுத்துவிடும் யோசனை இருந்தால் இது இன்னும் முக்கியம். மருந்து ஏற்றிய, நோயில் கிடந்த கோழி குழம்புக்கு ஆகாது.

இரைப்பையைத் திறந்து எடுக்கும் அறுவை சிகிச்சை உண்மையில் சிறியதுதான். கிராமங்களில் பிளேடால் கீறி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, ஊசி நூலால் தைத்துவிடும் பெரியவர்கள் இருந்தார்கள். பிழைத்த கோழிகளும் உண்டு. அதைப் பார்த்து நாமும் இறங்கக் கூடாது. பையின் சுவரைத் தனியாகவும் மேல்தோலைத் தனியாகவும் தைக்க வேண்டும்; இரண்டையும் சேர்த்துத் தைத்தால் தீனி கசிந்து சீழ் பிடிக்கும். மரத்துப்போக ஊசி போடாமல் கீறுவது கோழிக்குச் சித்திரவதை.

தேறும் நாட்கள்

பை காலியாகத் தொடங்கியதும் நாம் செய்யும் பெரிய தவறு, பாவம் பட்டினி கிடந்தது என்று கம்பும் சோளமும் கைநிறைய அள்ளிப் போடுவது. நாள்கணக்கில் விரிந்து கிடந்த தசை ஓய்ந்திருக்கும். அதற்கு இரண்டாவது அடைப்பு சுலபமாக வரும்.

வழக்கமான முட்டைக்கோழித் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கூழாகக் கரைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி, நாலு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் தடவிப் பார்த்து, முந்தைய வேளைத் தீனி இறங்கியிருந்தால் மட்டும் அடுத்ததைக் கொடுங்கள். வேகவைத்த முட்டையை மசித்துக் கொஞ்சம் சேர்க்கலாம், தெம்பு வரும். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். நனைந்த தீவனம் நம் வெயிலில் சீக்கிரமே புளித்துவிடும். புளிப்பிலிருந்து மீண்ட கோழிக்கு அதையே வைப்பது போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

இரண்டு மூன்று நாள் காலையில் பை காலியாகவே இருந்தால் கூழைக் கெட்டியாக்கி அளவைக் கூட்டுங்கள். அப்புறம் உலர் தீவனம். முழுத் தானியமும் கீரையும் கடைசியில், ஒரு வாரமாவது போகட்டும். தினமும் காலையில் அதே நேரத்தில் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்து எடை போட்டுக் குறித்து வையுங்கள். இறகுக்குள் மெலிந்த கோழி கண்ணுக்குத் தெரியாது. நெஞ்செலும்பு கத்தி விளிம்பாகக் கையில் தட்டுகிறதா என்பதையும் பாருங்கள். எடை ஏறினால் தேறுகிறது. நன்றாகத் தின்றும் எடை இறங்கினால் வேறு நோய் இருக்கிறது.

முட்டை உடனே வராது. அதை எதிர்பார்த்து எதையும் கூட்டிக் கொடுக்க வேண்டாம். கொண்டை மறுபடி சிவக்கட்டும்.

திரும்பக் கூட்டத்தில் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். சில நாள் காணாமல் போன கோழியை மற்றவை புதுக் கோழியாகப் பார்த்துக் கொத்தித் துரத்தும், தீனியருகே விடாது. அதனால் ஆரம்பத்திலிருந்தே பஞ்சாரத்தை மற்றக் கோழிகள் கண்ணில் படும் இடத்திலேயே வையுங்கள். சேர்க்கும்போது இருட்டியபின் அவை அடைந்திருக்கும் இடத்தில் கொண்டுபோய் உட்காரவையுங்கள். முதல் சில நாள் தீனித் தொட்டியை இரண்டு இடத்தில் வைத்தால் சண்டை குறையும்.

இனி வராமல் இருக்க

நகரத்துக் கோழியின் இரைப்பையில் சிக்குவது பெரும்பாலும் நம் சமையலறையிலிருந்தும் பூஜை அறையிலிருந்தும் போவதுதான். வாடிய பூச்சரத்தைக் குப்பையில் போடுகிறோம். பூவைக் கொத்தப் போகும் கோழி அதைக் கட்டிய வாழைநாரையும் நூலையும் சேர்த்து இழுத்து விழுங்கும். அது செரிக்காது, அறுபடாது. அடுத்து வரும் எல்லாத் தீனியும் அதில் சுற்றிக்கொள்ளும். பால் கவரில் வெட்டியெடுத்த மூலைத் துண்டு, ரப்பர் பேண்ட், சாக்கு தைத்த நூல், தலைவாரி உருட்டி எறிந்த முடி, தேங்காய் உரித்த நார், எல்லாம் இதே ரகம். கோழி மேயும் இடத்தை வாரம் ஒருமுறை குனிந்து பார்த்தபடி நடந்து வாருங்கள்.

புல்லைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். தரையில் வேரோடு நிற்கும் புல்லைக் கோழி கொத்தி அறுத்துத்தான் தின்னும், துண்டு சிறியதாக இருக்கும். நாம் அறுத்து நீளமாகக் கொண்டுவந்து போட்டால் இழையை அப்படியே விழுங்கிவிடும். அதனால் அறுத்துப் போடும் புல்லையும் கீரைத் தண்டையும் ஒரு விரற்கடை நீளத்துக்கு நறுக்குங்கள். அடைக்கூடையில் நீள வைக்கோலைத் தின்னும் பழக்கமுள்ள கோழி இருந்தால் உமிக்கு மாறிவிடலாம்.

கடைசியாகக் கல். கொல்லையில் சுற்றும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே பொறுக்கிக்கொள்ளும். மாடியிலும் கூண்டிலும் வளர்வதற்கு அந்த வழி இல்லை. அங்கே தானியமும் கீரையும் போடுகிறோம் என்றால் கல்லும் நாம்தான் கொடுக்க வேண்டும். கிளிஞ்சல் போட்டிருக்கிறேனே என்பார்கள். கிளிஞ்சல் முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பு, வயிற்றில் கரைந்துவிடும், அரைக்க உதவாது. கருங்கல் ஜல்லித் தூளைச் சலித்து, மாவையும் பெரிய சில்லையும் நீக்கி, அரிசியிலிருந்து பச்சைப்பயறு வரையான அளவில் இருப்பதைக் கழுவிக் காயவைத்து ஒரு தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தீனியோடு கலக்க வேண்டாம். வேண்டியபோது வேண்டிய அளவு அதுவே எடுத்துக்கொள்ளும்.